அத்தியாயம் 7: பங்குனி வெயிலும் பத்து மாதக் குழந்தையும்

பங்குனி பிறந்து, வேம்பு பூத்து, தெருமுனைத் தள்ளுவண்டியில் முதல் நுங்குக் குலை வந்திறங்கிய அன்றே, கைக்குழந்தை வைத்திருக்கும் இளந்தம்பதிகளின் மனத்தில் 'எங்கேயாவது போய் வந்தால் என்ன?' என்னும் ஆசை தலைதூக்கிவிடுகிறது. மழைக்காலத்துச் சளியும் மார்கழிப் பனியும் கழியும் வரை நான்கு சுவரையே பார்த்துச் சலித்துப்போன தாய்க்கு அந்த ஆசை நியாயமானதே என்பதோடு, தவழத் தொடங்கிய குழந்தைக்கு மண்ணும் மரமும் அலையும் ஆகாயமும் அறிமுகமாக வேண்டிய பருவமும் அதுவேயாதலால், போகவேண்டாம் என்று தடுப்பது இவ்வத்தியாயத்தின் நோக்கமன்று. போவோர் சுகமாகப் போய், குழந்தை அழத் தொடங்குமுன் வீடு வந்து சேர்வதற்கான உபாயங்களை வரிசையாகச் சொல்வதே நோக்கம்.

ஓர் எல்லையை முதலில் வகுத்துக்கொள்வோம். இங்கே சொல்லப்படுவன, சென்னையிலோ அதன் சுற்றுவட்டத்திலோ வசிக்கும் குடும்பத்துக்காக, ஆறு மாதம் நிறைந்து ஒன்றரை வயது எட்டாத குழந்தையை உத்தேசித்து, பங்குனித் தொடக்கத்திலிருந்து மே மாதம் 4-ஆம் தேதி வாக்கில் அக்கினி நட்சத்திரம் பிறக்கும் வரையுள்ள ஏழு வாரங்களுக்காக எழுதப்பட்டவை. கத்திரி தொடங்கிய பிறகு பகலில் குழந்தையை எங்கே அழைத்துப் போகலாம் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் உள்ள பதில் ஒன்றுதான்: கூடத்துக்கு.

குழந்தையின் கடிகாரம்

பெரும்பாலோர் செய்யும் முதற்பிழை, இடத்தைத் தேர்ந்துகொண்டு அதற்கேற்பக் குழந்தையை வளைக்கப் பார்ப்பது. திரும்பும் நேரத்தை முதலில் நிச்சயித்து, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுப் புறப்படும் நேரத்தையும், அந்த இடைவெளிக்குள் அடங்கும் இடத்தையும் தேர்ந்துகொள்பவர்களே சண்டையின்றி வீடு திரும்புகிறார்கள்.

1. புறப்படும் நாளுக்கு முந்திய மூன்று தினங்கள், சமையலறைக் காலண்டரின் ஓரத்தில், குழந்தை விழித்த நேரம், பால் குடித்த நேரம், தூங்கிய நேரம் மூன்றையும் பென்சிலால் குறித்து வாருங்கள்.
2. அந்தக் குறிப்பிலிருந்து, குழந்தை மிகவும் உற்சாகமாக விழித்திருக்கும் ஒரு நீண்ட பொழுதைக் கண்டுபிடியுங்கள். பத்து மாதக் குழந்தைக்கு அது சுமார் மூன்று மணி நேரம் இருக்கும். சில குழந்தைகளுக்கு அதிலும் குறையும்.
3. போவது, இருப்பது, வருவது மூன்றும் அந்தப் பொழுதுக்குள் அடங்கவேண்டும். அடங்காத தூரமானால், பிரயாணத்தைக் குழந்தையின் தூக்க நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.
4. தடுப்பூசி போட்ட நாளிலும் மறுநாளிலும் எங்கும் புறப்படவேண்டாம். ஒன்பதாம் மாதத்தில் போடப்படும் தட்டம்மை-ருபெல்லா ஊசிக்குப் பிறகு, ஒரு வாரம் பத்து நாள் கழித்தும் லேசான காய்ச்சல் வரக்கூடுமாகையால், அந்த வாரத்தில் தூரப் பயணத்துக்கு டிக்கெட் எடுக்காதிருப்பது உத்தமம்.

மூட்டை கட்டுதல்

பையைக் காலையில் கட்டத் தொடங்குவோருக்கு வெயில் காத்திருப்பதில்லை. ஆகாரம் ஒழிந்த மற்ற எல்லாவற்றையும் முந்திய இரவே கட்டி வாசலருகே வைத்துவிடவேண்டும். எது எங்கே இருக்கிறது என்பது தாய்க்கு மட்டுமன்றித் தகப்பனுக்கும் தெரிந்திருக்கவேண்டும். 'அந்தப் பச்சைத் துணி எங்கேடி?' என்ற கேள்வியிலிருந்துதான் முக்கால்வாசிப் பயணங்களின் மனஸ்தாபம் ஆரம்பமாகிறது.

மெல்லிய பருத்திச் சட்டை இரண்டு, அணையாடைகள், அகன்ற விளிம்புள்ள தொப்பி, எஃகுக் கிண்ணமும் சிறு கரண்டியும், காய்ச்சி ஆறிய நீர் ஒரு புட்டி, சோப்பு, அழுக்குத் துணிக்கு ஒரு நெகிழிப் பை, உடல் வெப்பமானி, ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இரண்டு: இவ்வளவு போதும். இவற்றோடு, நைந்து மிருதுவான பழைய நாலு முழ வேட்டி ஒன்றையும் மறவாமல் வையுங்கள். மணலில் விரிப்பாகவும், பேருந்து ஜன்னலுக்குத் திரையாகவும், பால் கொடுக்கையில் மறைப்பாகவும், நனைத்துப் பிழிந்தால் உடம்பு துடைக்கும் துணியாகவும், குழந்தை எதிர்பாராமல் தூங்கிவிட்டால் போர்வையாகவும் அந்த ஒரே வேட்டி பயன்படுவதைக் கண்டபின், விலையுயர்ந்த குழந்தைப் பைகளின் பன்னிரண்டு அறைகளில் எனக்கு மதிப்புக் குறைந்துவிட்டது.

குறிப்பு: குழைத்த சோறு எடுத்துப் போவதானால், அந்த உஷ்ணத்தில் ஒரு மணி நேரத்துக்குள் ஊட்டிவிடவேண்டும். மிஞ்சியதைத் திரும்பக் கொண்டுவந்து மாலையில் ஊட்டுவது கூடவே கூடாது.

முதல் பயணம்: விடியற்காலைக் கடற்கரை

முதல் வெளிப்பயணத்துக்குக் கடற்கரையை விடச் சிறந்த இடம் சென்னைவாசிக்கு இல்லை. ஆனால் எந்தக் கடற்கரை, எந்த வேளை என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. மெரினாவில் சாலையிலிருந்து அலை வரையுள்ள மணற்பரப்பு, குழந்தையையும் பையையும் சுமந்து புதைமணலில் நடப்பவர்களுக்குப் பாதி வழியிலேயே மூச்சு வாங்கச் செய்யும் அளவுக்கு அகன்றது. பெசன்ட் நகரிலோ திருவான்மியூரிலோ மணல் குறைவு, நடையும் குறைவு.

மாலை நேரத்தையே பலரும் விரும்புகிறார்கள். பிற்பகலில் கடற்காற்று வீசத் தொடங்கிய பிறகு நகரம் குளிர்வது மெய்தான். ஆயினும் பகலெல்லாம் காய்ந்த மணல் ஐந்து மணிக்கும் சூடு விடுவதில்லை என்பதோடு, கூட்டமும் புகையும் பட்டாணிச் சுண்டல்காரரின் குரலும் சேர்ந்து, தூக்கத்துக்கு ஏங்கும் வேளையில் குழந்தையைத் திணறச் செய்கின்றன. ஏப்ரல் தொடக்கத்தில் சூரியோதயம் ஏறக்குறைய 6 மணிக்கு. அதற்குக் கால் மணி முன்னதாகவே மணலில் கால் வைத்துவிடுங்கள்.

1. காற்றுக்கு முதுகு காட்டி, அலை எட்டும் ஈரக்கோட்டிலிருந்து குறைந்தது இருபது அடி தள்ளி வேட்டியை விரித்து, நான்கு முனையிலும் செருப்பையோ பையையோ வையுங்கள்.
2. குழந்தையை இறக்குமுன் சுற்றிலும் மணலைக் கையால் அளைந்து பாருங்கள். மீன்முள், கண்ணாடிச் சில்லு, பீடித் துண்டு, தூண்டில் நரம்பு, இவற்றில் ஏதேனும் ஒன்று அகப்படாமல் போகாது.
3. பத்து நிமிஷம் ஒன்றும் செய்யாதீர்கள். குழந்தை முதலில் மணலைப் பார்க்கும். பிறகு ஒரு விரலால் தொடும். உடனே வாயில் வைக்கும். ஒரு சிட்டிகை மணலால் ஆபத்தில்லை. ஈரத்துணியால் நாக்கையும் விரலையும் துடைத்துவிட்டு, அலறாமல் இருந்தால் போதும்.
4. பிறகு, ஒருவர் குழந்தையை இரு கைகளாலும் அக்குளில் பற்றிக்கொண்டு, அலை மெலிந்து நுரையாக முடியும் இடத்தில் அதன் பாதம் மட்டும் நனையும்படி நிறுத்திக் காட்டுங்கள். அலை பின்வாங்கும்போது காலடி மணல் சரிந்தோடும் கூச்சத்துக்குச் சில குழந்தைகள் சிரிக்கும், சில வீரிட்டழும். அழுதால் அன்றைக்கு அவ்வளவே.
5. 7.30 மணிக்குக் கையை உதறி எழுந்துவிடுங்கள். குழந்தை மகிழ்ச்சியாக இருக்கிறதே, இன்னும் கால் மணி இருக்கலாமே என்று தோன்றும். அந்தக் கால் மணியே எல்லாவற்றையும் கெடுப்பது.

எச்சரிக்கை: சென்னைக் கடலில் அடியோட்டம் வலியது, கரையும் சட்டென்று சரிவது. குழந்தையை அலைவாயில் உட்காரவைப்பதும், கடலுக்கு முதுகு காட்டி நின்று படமெடுப்பதும் அபாயகரமானவை. படம் எடுப்பவர் ஒருவர், குழந்தையைப் பிடிப்பவர் வேறொருவர் என்பதில் விட்டுக்கொடுக்கலாகாது. சுண்டலில் உள்ள முழுப் பட்டாணியும் நிலக்கடலையும் குழந்தையின் மூச்சுக்குழலில் அடைக்கக்கூடியவை. அவ்வயதில் அவற்றை விளையாட்டுக்குக்கூட வாயில் வைக்கவேண்டாம். நுங்கும் வழுக்கிக்கொண்டு தொண்டைக்குள் போவதாகையால், தோலுரித்து நன்றாக மசித்த பிறகே கொடுக்கவேண்டும்.

குலதெய்வக் கோயிலும் முதல் மொட்டையும்

நம் குடும்பங்களில் கோடைப் பயணமும் குழந்தையின் வாழ்வில் ஒரு விசேஷமும் ஒரே நாளில் கூடுவது முடி இறக்கிக் காது குத்தும் நாளில்தான். ஒற்றைப்படை மாதம் பார்த்து, பள்ளி விடுமுறை பார்த்து, தாய்மாமனுக்கு லீவு கிடைக்கும் நாள் பார்த்து முடிவு செய்கையில், வெயிலைப் பார்க்க எவருக்கும் ஞாபகம் வருவதில்லை. எங்கள் மூத்த பெண்ணுக்கு அவ்வாறே நேர்ந்தது. காலை ஒன்பதுக்கு முடியவேண்டிய காரியம், மாமன் வந்த பஸ் வழியில் நின்றுபோனதால் பதினொன்றரைக்குத் தொடங்கி, சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு அவளைக் கருங்கல் பிரகாரத்தில் தூக்கிக்கொண்டு ஓடியபோது என் உள்ளங்காலே வெந்தது. அவளோ பால் குடிக்க மறுத்து, உதடு உலர்ந்து, அழக்கூடத் தெம்பின்றித் தோளில் துவண்டாள். கோயில் வாசல் புளியமரத்தடியில் வேட்டியை நனைத்துப் போர்த்தி, அரை மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாகப் பால் புகட்டிய பின்தான் கண் திறந்து பார்த்தாள். பங்குனி உத்திரக் கூட்டத்தில் அது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்க இன்றும் மனம் துணிவதில்லை. இப்போது கேட்பவர்களுக்கெல்லாம் நான் சொல்லும் ஒழுங்கு இது:

1. முதல்நாள் மாலையே ஊர் போய்ச் சேர்ந்து, உறவினர் வீட்டில் தங்குங்கள். தாய்மாமனையும் முதல்நாளே வரவழையுங்கள். அவர் மடியின்றிக் காரியம் நடவாது.
2. காலை 6.30-க்கு முடி இறக்குதலைத் தொடங்குங்கள். பிளேடு புதியதா என்று கேட்பதோடு நில்லாமல், உறையைத் தங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள். இதைக் கேட்க நாணவேண்டியதில்லை; நல்ல தொழிலாளி தாமே பிரித்துக் காட்டுவார்.
3. வெதுவெதுப்பான நீரால் தலையை நன்றாக ஊறவையுங்கள். மடியில் வைத்திருப்பவர் ஒரு கையால் தாடையையும், எதிரிலிருப்பவர் இரு கைகளையும் பிடித்துக்கொள்ளவேண்டும். குழந்தை திமிறினால் கத்தியை நிறுத்தவேண்டுமேயன்றிப் பிடியை இறுக்கலாகாது.
4. சுத்தமான நீரால் கழுவிய பிறகே சந்தனம். வெட்டுக் காயம் இருந்தால் அவ்விடத்தில் சந்தனம் வேண்டாம்.
5. காது குத்துவதை அன்றைக்கே வைத்துக்கொள்வதானால், குழந்தை பால் குடித்து ஒரு தூக்கம் போட்டு எழுந்த பின் வையுங்கள். ஆறு, பத்து, பதினான்காம் வாரத் தடுப்பூசிகள் மூன்றும் முடிந்திருக்கவேண்டும்.
6. 9 மணிக்குள் குழந்தை நிழலுக்குள் வந்துவிடவேண்டும். பொங்கலும் விருந்தும் அதன்பின் நடக்கட்டும்.

வாகனம்

இருசக்கர வண்டியில், தகப்பனுக்கும் தாய்க்கும் நடுவே குழந்தையை நசுக்கி உட்காரவைத்துப் போகும் காட்சி நமக்குப் பழகிப்போனது. சட்டமோ, ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைக்குத் தலைக்கவசமும் பாதுகாப்புப் பட்டையும் அவசியம் என்றும், அப்போது வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டலாகாது என்றும் விதிக்கிறது. ஒன்பது மாதம் நிறையாத சிசுவை வண்டியில் ஏற்றவே வேண்டாம். மின்சார ரயில் எனக்கு மிகவும் பிடித்தது: காற்றுண்டு, ஜன்னலுண்டு, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கட்டணமுமில்லை. கார் வைத்திருப்போர் ஒன்றை மட்டும் நெஞ்சில் இருத்தவேண்டும்: நிறுத்திய காருக்குள், கண்ணாடியை இறக்கிவிட்டோ, நிழல் பார்த்தோ, 'இதோ ஒரு நிமிஷம்' என்றோ, எந்தச் சமாதானத்தாலும் குழந்தையைத் தனியே விடலாகாது.

வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குப் போவோர் செவ்வாய்க்கிழமை அதற்கு விடுமுறை என்பதையும், 602 ஹெக்டேர் பரப்பை நடந்து முடிக்க முயலாமல் மின்கல வண்டியில் ஏறுவதே விவேகம் என்பதையும் அறிந்து போகவேண்டும். உள்ளதைச் சொன்னால், பத்து மாதக் குழந்தை புலியைப் பொருட்படுத்துவதில்லை. கூண்டுக்கு வெளியே தத்தும் காகத்தையும் அணிலையும் பார்த்துத்தான் கை தட்டும். அதற்குக் கிண்டி சிறுவர் பூங்காவே போதுமானது.

உஷ்ணம் தாக்கிய குறிகள்

ஆறு மாதம் நிறையாத இளைய குழந்தை உடனிருந்தால், ஊர்ப் பெரியவர்களிடமிருந்து 'பச்சைப் புள்ளைக்கு நாக்கு வறண்டு போச்சு பாரு, ஒரு வாய் தண்ணி குடேண்டி' என்ற அன்பான கட்டளை வந்தே தீரும். அந்த வயதில் தாய்ப்பாலே நீரும் ஆகாரமும். வெயில் காலத்தில் அடிக்கடி பால் கொடுக்கவேண்டும், தாய் நிறைய நீர் அருந்தவேண்டும், அவ்வளவே. அத்தையிடம் வாதாடவேண்டாம், 'சரி அத்தை' என்று சொல்லி, நீரைத் தாங்களே குடித்துவிடுங்கள்.

ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கழியாமை, கண்ணீரின்றி அழுதல், நாக்கு உலர்தல், உச்சிக்குழி பள்ளமாதல், கண் உள்வாங்குதல் ஆகியவை நீர் வற்றியதன் குறிகள். இவற்றில் ஏதேனும் ஒன்றைக் கண்டால்:

1. உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உடைகளைத் தளர்த்துங்கள்.
2. ஈரத்துணியால் கழுத்து, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களைத் துடைத்து விசிறுங்கள். ஐஸ் நீர் வேண்டாம்.
3. பாலையோ, பொட்டலத்தின் மேல் அச்சிட்ட அளவு நீரில் முழுப் பொட்டலத்தையும் கரைத்த ஓ.ஆர்.எஸ். நீரையோ, கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். பாதிப் பொட்டலம், பாதி டம்ளர் என்று கண்ணளவில் கலக்குவது ஆபத்து. அட்டைப் பெட்டிகளில் அடைத்து விற்கப்படும் இனிப்புப் பானங்களும் இதற்கு ஈடாகா.
4. குழந்தை மயங்கிச் சோர்ந்தாலோ, வலிப்பு வந்தாலோ, குடிக்க முடியாமற் போனாலோ, வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை துடைப்பதை நிறுத்தவேண்டாம்.

தள்ளுவண்டியின் மேல் கனத்த துணியை மூடி நிழல் செய்வதாக நினைப்பதும் தவறு. காற்று அடைபட்டு உள்ளே அடுப்பாகிவிடும்.

வீட்டுக்குள் நடக்கும் பயணங்கள்

முதற்பல்லும் முதற்சோறும் முதலடியும் முன்னறிவிப்புத் தந்து வருவன அல்ல. முதற்பல் ஆறாம் மாதத்தை ஒட்டிப் பெரும்பாலும் வரும்; ஒரு வயது வரை வராமலும் இருக்கலாம். தனியாக நடப்பது சில குழந்தைகளுக்கு ஒன்பது மாதத்திலும், சிலருக்குப் பதினேழு மாதத்திலும் கூடுகிறது, இரண்டும் இயல்பே. எதிர்வீட்டுக் குழந்தையைக் காட்டித் தங்கள் குழந்தையை அளப்பதைப்போல் வீண்வேலை பிறிதில்லை. பதினெட்டு மாதம் நிறைந்தும் நடை வராவிட்டால் மருத்துவரைப் பார்க்கவேண்டும்.

சோறூட்டும் நாளில் தேனும் சர்க்கரையும் நாக்கில் தடவும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. ஒரு வயது நிறையுமுன் தேன் ஆகாது. சில சமயம் அதில் இருக்கும் ஒருவகைக் கிருமி, சிசுவின் குடலில் வளர்ந்து நரம்புகளைத் தளரச் செய்யும் நஞ்சை உண்டாக்கும். குழைந்த சோற்றில் பருப்பும் ஒரு துளி நெய்யும் சேர்த்து, கரண்டியைச் சாய்த்தால் மெல்ல வழியும் பதத்தில் மசித்து, இரண்டு மூன்று கரண்டி கொடுத்தால் சடங்கும் நிறைவேறும், குழந்தைக்கும் சுகம்.

நடை பழக்குவதில் நம் மரத்து நடைவண்டிக்கு நிகரில்லை. குழந்தை உட்கார்ந்தபடி சக்கரத்தில் ஓடும் வாக்கர் வேறு. அது படிக்கட்டை நோக்கி ஒரு நொடியில் பாய்ந்துவிடுவதாலேயே கனடா தேசத்தில் 2004-இல் அதன் விற்பனையைத் தடை செய்தார்கள். நடைவண்டியைப் பயன்படுத்தும் முறை:

1. குழந்தை தானாக எதையேனும் பற்றி எழுந்து நிற்கத் தொடங்கிய பின்னரே கொடுங்கள்.
2. மூன்று சக்கரமும் தரையில் சமமாகப் படிகின்றனவா, மரச்சிராய் உண்டா என்று பாருங்கள். பிடிக்கும் கட்டை குழந்தையின் மார்பளவு இருக்கவேண்டும்.
3. வழுவழுப்பான தரையில் வண்டி குழந்தையை விட்டு முன்னே ஓடிவிடும். அடிப்பலகையில் இரண்டு கிலோ அரிசிப் பையைக் கட்டிவையுங்கள், வண்டி நிதானப்படும்.
4. வெறுங்காலோடு நடக்கவிடுங்கள். 'கீச்' என்று ஒலியெழுப்பும் செருப்பு பெரியவர்களின் சந்தோஷத்துக்காக ஏற்பட்டது.
5. மாடிப்படிக்கு மரத்தடுப்பு போடாமல் வண்டியை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

குறிப்பேடு

நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்கி, அதன் அட்டையில் நூல் கட்டிப் பென்சிலைத் தொங்கவிடுங்கள். பென்சில் தேடும் நேரத்தில் பாதி நினைவு போய்விடும். எழுதுவது சுருக்கமாகவும், பொருள்கள் பெயரோடும் இருக்கட்டும். 'இன்று மிகவும் மகிழ்ச்சி' என்று எழுதிய பக்கங்கள் எங்கள் நோட்டிலும் உண்டு. இன்று படித்தால் எதற்கென்று விளங்கவில்லை. அதே நோட்டில் என் மனைவி எழுதிய இன்னொரு வரி: 'சித்திரை 9, மாலை 5.20. மூன்று அடி. கையில் ரசக்கரண்டி.' அன்று திருவான்மியூருக்குப் புறப்பட்டு, வண்டியின் சக்கரத்தில் காற்றில்லாமையால் செருப்போடு வாசலில் நின்று அலுத்துக்கொண்டிருந்த என்னை நோக்கித்தான் அந்த மூன்று அடியும் வந்தன. கரண்டி நான்காம் அடியில் தரையில் விழ, குழந்தையும் அதைத் தொடர்ந்து உட்கார்ந்துகொண்டது.

தேதி, நேரம், கையில் என்ன இருந்தது, யார் பார்த்தார்கள்: இந்த நான்கும் போதும். கடைசி இரண்டு பக்கங்களைத் தடுப்பூசித் தேதிகளுக்கும், அவ்வப்போது எடுத்த எடைக்கும் விட்டுவையுங்கள். மருத்துவர் கேட்கும்போது கைப்பேசியில் தேடிக்கொண்டிருக்க நேராது.